பழந்தமிழ் இலக்கியத்தில் கொடி: எங்கே நட்டது, எதற்காக எடுத்தது

கேள்வி இது: சங்கப் பாட்டிலும் காப்பியங்களிலும் திரும்பிய பக்கமெல்லாம் கொடி பறக்கிறதே, அது வெறும் நகர் அலங்காரமா, அரசனின் சின்னமா, அதற்கு மேலும் பொருள் உண்டா? படிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கொடி என்றதும் வில், புலி, கயல் மூன்றும் நினைவுக்கு வருவது இயல்பு. பள்ளிப் பாடம் அப்படித்தான் பழக்கியிருக்கிறது. ஆனால் ஊரிலும் போர்க்களத்திலும் பறக்கும் கொடிகளைப் பாடும்போது, துணியில் என்ன உருவம் இருந்தது என்பதில் சங்கப் புலவர்கள் அதிகம் அக்கறை காட்டுவதில்லை. எங்கே நட்டது, யார் எடுத்தது, எதற்காக எடுத்தது என்பவையே அவர்களுக்கு முக்கியம். தெய்வங்களின் கொடி என்று வந்தால் நிலைமை தலைகீழ். அங்கே உருவம்தான் எல்லாம். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தொடங்க வேண்டிய இடம் பட்டினப்பாலை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 301 அடிகளில், 159 முதல் 183 வரையுள்ள பகுதி முழுக்க காவிரிப்பூம்பட்டினத்தின், அதாவது புகாரின், கொடிகளுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஐந்து வகைக் கொடிகளைப் பிரித்துக் காட்டுகிறார். முதலாவது கோயில் வாயிலில் உள்ளது: 'மையறு சிறப்பின் தெய்வம் சேர்த்திய மலரணி வாயில் பலர்தொழு கொடி'. அடுத்தது பண்டம் குவிந்த இடத்தில் நட்டது. வெள்ளரிசி சிதறிப் பலியிட்டு, தரை மெழுகி, 'காழ் ஊன்றிய கவிகிடுகின் மேல் ஊன்றிய துகிற்கொடி'. காழ் என்பது கம்பு, துகில் என்பது துணி. கொடியின் இரண்டு உறுப்புகளும் ஒரே இடத்தில் பெயர் சொல்லி வருவதால் இந்த அடி பயனுள்ளது. மணிமேகலையின் விழாவறை காதையும் 'கதலிகைக் கொடியும் காழூன்று விலோதமும்' என்று அதே காழைச் சொல்கிறது.

மூன்றாவது கொடிதான் இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது. 'பல்கேள்வித் துறைபோகிய தொல்லாணை நல்லாசிரியர் உறழ்குறித்து எடுத்த உருகெழு கொடி'. பல நூல் கற்றுத் துறைபோன ஆசிரியர்கள் வாதத்துக்கு அழைத்து எடுத்த கொடி இது. 'உறழ்' என்பது வாது, மாறுபட்டு மோதுதல். கொடி ஏற்றியிருக்கிறது என்றால் எதிர்வாதம் செய்ய வருவோர் வரலாம் என்று பொருள். மணிமேகலையில் இந்திர விழாவை அறிவிக்கும் முரசறைவோன் 'பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்' என்கிறான். அதையும் இதையும் சேர்த்துப் படித்தால் புகாரின் அறிவு வாழ்க்கை பற்றி ஒரு தெளிவு கிடைக்கும். போர்க்கொடியின் இலக்கணத்தையே ஆசிரியர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 'உருகெழு' என்ற அடைக்கு அச்சம் தரும் என்ற பொருளும் உண்டு. வாதுக்கு வருபவனுக்குக் கொஞ்சம் அடிவயிறு கலங்கட்டும் என்பதுதானே நோக்கம்.

நான்காவது கப்பலில். துறையில் நிற்கும் நாவாய், கட்டுத்தறியை அசைக்கும் களிறு போல ஆடுகிறது. அதன் 'மிசைக்கூம்பின் நசைக்கொடி', அதாவது பாய்மர உச்சியில் விருப்பம் ஊட்டும் கொடி. ஐந்தாவது கள் விற்கும் வீட்டில்: மீன் வெட்டி, இறைச்சி பொரிக்கும் ஓசை நிறைந்த முற்றம், மணல் பரப்பி மலர் தூவிய வாயில், அங்கே 'நறவுநொடைக் கொடி'. நறவு கள், நொடை விலை. கடைக்குப் பெயர்ப்பலகை செய்யும் வேலையைத்தான் இந்தக் கொடி செய்கிறது. இவற்றோடு பிறவும் கலந்து, 'பல்வேறு உருவின் பதாகை நீழல் செல்கதிர் நுழையாச் செழுநகர்' என்று முடிக்கிறார்: வெயில் உள்ளே நுழைய முடியாத அளவுக்குக் கொடி நிழல்.

ஐந்தில் ஒன்றுகூட அரசனின் கொடி இல்லை என்பதைக் கவனியுங்கள். பாட்டின் தலைவனோ கரிகாலன். சோழனின் தலைநகரைப் பாடும் நூலில், கொடிக்கென்று ஒதுக்கிய இருபத்தைந்து அடிகளில், புலி வரவே இல்லை. புலி வேறோர் இடத்தில் வருகிறது, அதுவும் கொடியாக அன்று: துறைமுகத்தில் சுங்கம் கொள்வோர் பண்டப் பொதிகளின் மேல் 'புலி பொறித்துப் புறம்போக்கி' விடுகிறார்கள். முத்திரை இட்ட சரக்கு, உல்கு கட்டிய சரக்கு.

மதுரைக்காஞ்சி வேறு ஊர், வேறு மனநிலை. மாங்குடி மருதனார் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைப் பாடிய இந்த 782 அடி நூலில், 365ஆம் அடி தொடங்கி மதுரையின் பெரிய அங்காடிகளின் மேல் பறக்கும் கொடிகள் வருகின்றன. விழா எடுத்து ஏற்றிய 'உருவப் பல்கொடி' முதலில். பிறகு, 'வேறுபல் பெயர ஆரெயில் கொளக்கொள நாள்தோறு எடுத்த நலம்பெறு புனைகொடி'. வெவ்வேறு பெயருடைய கோட்டைகளைக் கைப்பற்றக் கைப்பற்ற, அவ்வப்போது ஒவ்வொன்றாக ஏற்றிய கொடிகள். கொளக்கொள என்ற அடுக்கும் நாள்தோறு என்ற சொல்லும் சேர்ந்து அதை ஒரு கணக்காகவே ஆக்கிவிடுகின்றன. அங்காடிக்கு வரும் எவனும் நிமிர்ந்து பார்த்தே அரசன் எத்தனை கோட்டை பிடித்திருக்கிறான் என்று எண்ணிக்கொள்ளலாம். அடுத்து, களத்தில் பகைவரைக் கொன்று 'புகழ்செய்து எடுத்த விறல்சால் நன்கொடி'. அதன் பின்னாலேயே, ஒரு இடைவெளியும் விடாமல், 'கள்ளின் களிநவில் கொடி'. வெற்றிக்கொடியும் கள்ளுக்கொடியும் ஒரே காற்றில் ஒரே தெருவின் மேல். மருதனார் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. நகரம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்கிறார். ஆனால் அந்த நூல் நெடுஞ்செழியனுக்கு நிலையாமை உணர்த்துவதற்காகப் பாடியது என்பதை மனத்தில் வைத்துப் படித்தால், அந்த வரிசைமுறை வேறு மாதிரியும் ஒலிக்கும்.

இப்போது வினைச்சொற்களுக்கு வருவோம். கொடியோடு வரும் வினை என்ன என்று பார்ப்பது நல்ல பழக்கம். 'எடுத்த', 'உயரிய', 'சேர்த்திய', 'ஊன்றிய' என்று வந்தால் அதன் பின்னால் ஓர் ஆளும் ஒரு காரணமும் உண்டு. அது யார், ஏன் என்று முன்பின் அடிகளில் தேடுங்கள், கிடைக்கும். 'நுடங்கும்', 'ஆடும்' என்று வந்தால் அது பெரும்பாலும் காட்சி வருணனை. அங்கே தேட வேண்டியது உவமையை. அகநானூற்று முல்லைப் பாட்டு ஒன்றில் 'வென்றுகொடி எடுத்தனன் வேந்தனும்' என்று வருகிறது. அகப்பாட்டில் அரசன் கொடி எடுத்தால் யாருக்கு என்ன? முல்லையில் அதுதான் முழுச் செய்தியும். வேந்தன் கொடி எடுத்துவிட்டான் என்றால் போர் முடிந்தது, வினைமேற் சென்ற தலைவன் திரும்பலாம், வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள். புறத்தில் வெற்றி விளம்பரமாக நிற்கும் அதே கொடி அகத்தில் தேரைத் திருப்பச் சொல்லும் உத்தரவாகிவிடுகிறது. எடுத்த என்ற வினையைத் தாண்டிப் போய்விட்டால் இது கண்ணில் படாது.

அடுத்து, பலரும் சறுக்கும் இடம்: பொறியும் (பதித்த சின்னம்) கொடியும். 'இமயத்தில் வில்கொடி நாட்டிய சேரன்' என்று மேடைகளில் சொல்வார்கள். புறநானூறு 39இல் மாறோக்கத்து நப்பசலையார் சொல்வது 'இமயம் சூட்டிய ஏம விற்பொறி'. சிறுபாணாற்றுப்படையும் 'வடபுல இமயத்து வாங்குவிற் பொறித்த' என்றே சொல்கிறது. சிலப்பதிகார ஆய்ச்சியர் குரவையின் தொடக்கம் 'கயலெழுதிய இமய நெற்றியின் அயலெழுதிய புலியும் வில்லும்'. பொறித்தல், எழுதுதல், இரண்டும் பாறையில் செதுக்குகிற வேலை. துணியைக் கட்டுகிற வேலை இல்லை. புறநானூறு 58இல் காரிக்கண்ணனார், சோழனும் பாண்டியனும் ஒருங்கே இருந்தபோது வாழ்த்துகிறார்: பிறர் நாட்டுக் குன்றுகள் புலியும் கெண்டையும் சேர்த்துப் பொறித்த சிகரங்கள் உடையன ஆகுக. இங்கேயும் பொறிதான். கொடி இன்று ஏறும், நாளை இறங்கும், பொறி நிற்கும். ஒன்று நிகழ்ச்சியை அறிவிக்கிறது, மற்றது உரிமையைப் பதிக்கிறது.

பொறியின் இந்த உரிமைத் தன்மைக்கு வெளிச்சான்றும் உண்டு. சங்ககாலப் பாண்டியர் காசுகளில் மீனும், சேரர் காசுகளில் வில்லும் அம்பும், சோழர் காசுகளில் புலியும் வருகின்றன. பிற்காலச் சோழர் செப்பேடுகளின் வளைய முத்திரையில், அமர்ந்த புலியோடு இரண்டு மீன்களும் வில்லும் சேர்ந்தே இருக்கும்: பாண்டியனும் சேரனும் எனக்குக் கீழ் என்று பொருள். சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் வடபுலம் புறப்படுமுன் வடதிசை மன்னர்க்கு அனுப்பும் ஓலையில் 'செழுவில் கயல்புலி' மூன்றையும் முத்திரையாக இடச் சொல்லும் இடம் இதே தர்க்கத்தில் அமைந்தது. சேரன் தன் வில்லோடு நிற்காமல் மூன்றையும் இடச் சொல்வது, தமிழ்நாடு முழுமைக்குமாகப் பேசுகிறேன் என்ற அறிவிப்பு.

தெய்வக் கொடிகளில் உருவம் கட்டாயம் சொல்லப்படும் என்றேன். புறநானூறு 56இல் நக்கீரனார், பாண்டியன் நன்மாறனை நான்கு தெய்வங்களோடு ஒப்பிடுகிறார். நால்வரையும் கொடி கொண்டே அடையாளம் காட்டுகிறார். ஏற்றை வெற்றியாக உயர்த்திய மணிமிடற்றோன் (சிவன்), நாஞ்சில் (கலப்பை) படையும் பனைக்கொடியும் உடைய வாலியோன் (பலராமன்), 'விண்ணுயர் புள்கொடி' உடைய மாயோன் (திருமால்), 'மணிமயில் உயரிய' முருகன். அறிமுகம் செய்யும் அந்த அடிகளில் வாலியோன், முருகு என்ற பெயர்கள் வரவில்லை, அவை பின்னால்தான் வருகின்றன; இங்கே கொடியே பெயர். புறநானூற்றுக் கடவுள் வாழ்த்தில் பெருந்தேவனார் 'ஊர்தி வால்வெள் ஏறே. சிறந்த சீர்கெழு கொடியும் அவ்வேறு என்ப' என்று ஊர்தியும் கொடியும் ஒன்றே என்கிறார்.

இந்தப் பகுதியில் மூன்று கண்ணிகள் உள்ளன. ஒன்று, முருகனுக்குச் சேவற்கொடி மட்டும்தான் என்று நினைப்பது. புறநானூறு 56 மயில் என்கிறது. அகநானூறு 149 பரங்குன்றத்தைச் சொல்லும்போது 'பல்பொறி மஞ்ஞை வெல்கொடி உயரிய' என்கிறது. திருமுருகாற்றுப்படையில் 'கோழி ஓங்கிய வென்றடு விறற்கொடி'யும் வருகிறது, மயில் வெல்கொடியும் வருகிறது. இரண்டும் பழைய மரபுகள். ஒன்றைப் பிழை என்று திருத்தப் போக வேண்டாம். இரண்டாவது கண்ணி 'சேவல்' என்ற சொல். குறுந்தொகைக் கடவுள் வாழ்த்தின் 'சேவலங் கொடியோன்' முருகன். பரிபாடலின் திருமால் பாட்டில் 'சேவல் ஓங்குயர் கொடியோயே' என்று விளிக்கப்படுபவன் திருமால். அங்கே சேவல் என்பது கருடன். பாட்டு யாரைப் பற்றியது என்று பார்க்காமல் அடியை மட்டும் பிய்த்து எடுப்பவர்கள் இங்கே தவறாமல் விழுவார்கள். மூன்றாவது பனை. பனைக்கொடி பலராமனுக்கும் உண்டு, பாரதத்தில் பீஷ்மருக்கும் உண்டு. உடன் நாஞ்சில் வந்தால் பலராமன்.

இலக்கண நூல் என்ன சொல்கிறது என்பது சுருக்கமாக. தொல்காப்பிய மரபியல் 'படையும் கொடியும் குடையும் முரசும்' என்று தொடங்கி அரசர்க்கு உரியவற்றை அடுக்குகிறது. புறத்திணையியல் 'கொடிநிலை கந்தழி வள்ளி' மூன்றும் கடவுள் வாழ்த்தோடு சேர்ந்து வரும் என்கிறது. இந்தக் கொடிநிலை என்ன என்பதில் உரைகள் ஒன்றுபடவில்லை. நச்சினார்க்கினியர் அதைக் கீழ்த்திசையில் தோன்றும் ஞாயிறு என்று கொள்கிறார். ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையோ, மூவர் கொடிகளில் ஒன்றோடு ஒப்பிட்டு மன்னன் கொடியைப் புகழ்வது என்று இலக்கணம் வகுக்கிறது. மேலே கண்ட நக்கீரனார் பாட்டை வைத்துப் பார்க்கையில் வெண்பாமாலை சொல்வதே எனக்கு இயல்பாகப் படுகிறது. தெய்வத்தை அதன் கொடியால் சுட்டி மன்னனைப் பக்கத்தில் நிறுத்தும் பழக்கம் அங்கேயே இருக்கிறது.

கொடியின் தோற்றத்துக்கு வருவோம். யானைமேல் கட்டிய கொடி புலவர்களுக்கு மிகவும் பிடித்த காட்சி. பதிற்றுப்பத்து 69இல் கபிலர்: 'மலையுறழ் யானை வான்தோய் வெல்கொடி வரைமிசை அருவியின் வயின்வயின் நுடங்க'. யானை மலை என்றால் அதன் மேலிருந்து இறங்கி ஆடும் துணி அருவி. மதுரைக்காஞ்சியும் கொடித் தொகுதியை 'பெருவரை மருங்கின் அருவியின் நுடங்க' என்றுதான் முடிக்கிறது. புறநானூறு 38இல் ஆவூர் மூலங்கிழார், மலைபோன்ற களிற்றின் மேல் 'வான்துடைக்கும் வகையபோல விரவுருவின கொடிநுடங்கும்' என்கிறார், வானத்தையே துடைப்பது போல. இந்த உவமைகள் அழகுக்காக மட்டும் இல்லை, கொடியின் வடிவத்தைப் பற்றியும் ஏதோ சொல்கின்றன. அருவி என்றால் அகலம் குறைந்து நீளம் மிகுந்த துணி, வெள்ளையாக இருக்க வாய்ப்பு அதிகம். பட்டினப்பாலை துகிற்கொடியைக் 'கரும்பின் ஒண்பூ' என்கிறது. அதுவும் வெளிறிய நிறம்தான். ஆனால் மூலங்கிழாரின் 'விரவுருவின' என்ற சொல் பல நிறம் கலந்த கொடிகளைக் காட்டுகிறது. ஆக வெள்ளையும் உண்டு, வண்ணமும் உண்டு. மேலே காட்டிய எந்த அடியும் இன்ன அரசனுக்கு இன்ன நிறத்துணி என்று சொல்லவில்லை. சிவப்புத் துணியில் மஞ்சள் புலி என்று இன்று வரையப்படுவது இன்றைய கற்பனை.

காப்பியங்களில் கொடி இன்னொரு படி ஏறுகிறது. அதற்கு வாய் முளைக்கிறது. சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரி இறுத்த காதையில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரையை நெருங்குகிறார்கள். அகழியில் உள்ள குவளையும் ஆம்பலும் கமலமும் கண்ணீர் கொண்டு நடுங்குகின்றன. மதில் மேல், 'போருழந்து எடுத்த ஆரெயில் நெடுங்கொடி வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட'. வராதே என்று கை காட்டுகிறது கொடி. தண்டியலங்காரம் தற்குறிப்பேற்றம் என்று இதற்கு இலக்கணம் சொல்லும்: இயல்பாக நிகழும் ஒன்றின் மேல் கவிஞன் தன் கருத்தை ஏற்றுவது. பாடநூல் விளக்கம் இதோடு நின்றுவிடும். 'போருழந்து எடுத்த' என்ற அடையில்தான் இளங்கோவின் கை இருக்கிறது. மதுரைக்காஞ்சியில் பாண்டியனின் புகழைச் சொல்ல எடுத்த அதே வகைக் கொடி, அதே ஊர், அதே அரசகுலம். எந்த வெற்றியை ஊருக்கு அறிவிக்க அது ஏற்றப்பட்டதோ, அந்த அரசின் முறை பிழைக்கப்போவதை அதுவே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது.

இதன் எதிர்ப்பக்கம் கம்பனின் மிதிலைக் காட்சிப் படலத்து முதல் பாட்டு. 'மையறு மலரின் நீங்கி யான்செய் மாதவத்தின் வந்து செய்யவள் இருந்தாள்' என்று சொல்லி, மிதிலை நகரம் 'செழுமணிக் கொடிகள் என்னும் கைகளை நீட்டி' இராமனை 'ஒல்லை வா' என்று அழைக்கிறது. திருமகள் என்னிடம் வந்து பிறந்திருக்கிறாள், சீக்கிரம் வா என்று. காற்றில் துணி முன்னும் பின்னும் ஆடும் அசைவு ஒன்றுதான். வா என்பதும் வராதே என்பதும் கையசைவில் அவ்வளவு நெருக்கம். கம்பன் கொடிக்கு மணி பதிக்கிறான், போரை எடுத்துவிடுகிறான். இளங்கோ மணியைச் சொல்லாமல் போரைச் சொல்கிறார். இரண்டு பாட்டையும் ஒருசேர வைத்துப் படிக்காமல் தற்குறிப்பேற்றத்துக்கு எடுத்துக்காட்டு என்று மட்டும் குறித்துக்கொள்வது பெரிய இழப்பு.

பாரதக் கொடிகளை இவற்றோடு கலக்கக் கூடாது. அங்கே கொடி குலத்துக்கு அன்று, ஆளுக்கு. அர்ச்சுனனுக்குக் குரங்கு, துரோணருக்குக் கமண்டலம், கர்ணனுக்கு யானைக் கச்சை. தமிழ் மரபில் துரியோதனன் அரவக்கொடியோன், தருமன் முரசக்கொடியோன். விராட பருவத்தில் அர்ச்சுனன் எதிரே நிற்கும் கௌரவர் ஒவ்வொருவரையும் கொடியைச் சொல்லியே உத்தரனுக்கு அடையாளம் காட்டுகிறான். தூசியும் கூட்டமும் நிறைந்த களத்தில் முகம் தெரியாது, கொடிதான் தெரியும். போர்ப் பகுதிகளில் முதலில் கொடியை அறுத்து வீழ்த்துவது இதனால்தான். கொடி சாய்ந்தால் தலைவன் சாய்ந்தான் என்று பின்னால் நிற்கும் படை நினைத்துவிடும். இராவணனுக்குத் தமிழ் மரபு வீணைக்கொடி தருகிறது. வான்மீகத்தில் அவன் தேர்க்கொடியில் இருப்பது மனிதத் தலை.

நாடகத்துக்கோ ஓவியத்துக்கோ சங்ககாலக் கொடி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: செவ்வகத் துணியைச் சட்டம் போட்டதுபோல் விறைப்பாக வரையாதீர்கள். நீண்டு ஒடுங்கிய துணி, நல்ல உயரமான கம்பு, இடம் யானையின் முதுகு, தேர், மதில், கூம்பு, கடைவாயில். அங்காடிக் காட்சி என்றால் அரசன் கொடி ஒன்றை மட்டும் நட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். கோயில் கொடியும் கள்ளுக்கொடியும் பக்கத்திலேயே வேண்டும். வாது அழைக்கும் ஆசிரியரின் கொடியை மறந்தால் அது புகார் ஆகாது. புலி, வில், மீன் போட்டே ஆக வேண்டும் என்றால் சரக்குப் பொதியின் முத்திரையில், காசில், பாறையில் போடுங்கள்; நூல் ஆதாரம் அங்கேதான் வலுவாக இருக்கிறது.